கேள்வி – பதில்: டிரான்ஸ்ஃபார்மருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு

போன இதழில் வேறொரு பதிலுக்கு நடுவே, மின்சாதனம் பழுதாவதற்கு முன்பே தரவை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த மாதம் முழுக்க. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் யார் பெயரும் போடவில்லை. என்ன வேலை பார்ப்பவர் என்பது மட்டும் இருக்கட்டும்.

ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எந்தத் தேதியில் வெடிக்கும் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியுமா? – கல்லூரி மாணவி

முடியாது. யாராவது தேதி சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏன் முடியாது என்பதுதான் சுவாரசியம். டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே செப்புச் சுருளைச் சுற்றி, மின்சாரம் கண்ட இடத்துக்குத் தாவாமல் தடுக்கக் காகிதம் இருக்கிறது, அந்தக் காகிதம் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை, மொத்தச் சுருளையும் பிரித்துக் கட்ட வேண்டும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். புதுக் காகிதத்தில் ஒரு செல்லுலோஸ் சங்கிலிக்குச் சராசரியாக 1000 கண்ணிகள், அதற்கு மேலும் இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அறுந்து அறுந்து 200 கண்ணிக்கு அருகே வந்துவிட்டால் காகிதத்தின் கதை முடிந்ததாகக் கணக்கு. சாதாரணக் காகிதமாக இருந்தால், சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸ் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் காகிதம் தேயும் வேகம் இரட்டிப்பாகிறது என்று ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை கணக்குப் போடுகிறது. 104 டிகிரியில் இரண்டு மடங்கு, 110-ல் நான்கு மடங்கு. ஆக, எத்தனை வருடம் ஆனது என்பதோடு எவ்வளவு லோடில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்ற பதிவும் இருந்தால் உள்ளே காகிதம் எந்த நிலையில் இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் காகிதம் தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எங்கோ தூரத்தில் ஒரு லைனில் ஷார்ட் சர்க்யூட் ஆகும், அந்தக் கணத்தில் பாய்கிற மின்னோட்டத்தால் சுருள்கள் ஒன்றையொன்று உதறித் தள்ளும். நல்ல காகிதம் தாங்கிக்கொள்ளும், நைந்தது கிழிந்துவிடும். அந்த உதறல் என்றைக்கு வரும் என்பது இடிமின்னலுக்கும் லைனில் விழுகிற மரக்கிளைக்கும்தான் தெரியும். அதனால் தரவு சொல்லக்கூடியதெல்லாம், உங்களிடம் இருக்கிற ஆயிரத்தில் அடுத்த ஒரு வருடத்துக்கு முதலில் கவனிக்க வேண்டிய ஐம்பது எவை என்ற வரிசைதான். ஆயுள் காப்பீட்டுக்காரருக்கு உங்கள் நாள் தெரியாது, உங்கள் வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று தெரியும், அதை வைத்தே அவர் தொழில் நடக்கிறது. இதுவும் அந்த மாதிரிதான்.

எண்ணெயைச் சோதித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும் என்கிறார்கள். எப்படித் தெரியும்? – பராமரிப்புப் பிரிவு ஊழியர்

தலைப்பில் ரத்தப் பரிசோதனை என்று போட்டது இதற்காகத்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் நான் மதிக்கிற வேலை இது.

உள்ளே எங்காவது அளவுக்கு மீறிச் சூடானாலோ பொறி பறந்தாலோ எண்ணெயின் மூலக்கூறுகள் உடைந்து சின்னச் சின்ன வாயுக்களாக மாறி அந்த எண்ணெயிலேயே கரைந்து நிற்கும். எந்த வாயு என்பது எவ்வளவு சூடு என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஹைட்ரஜன் மட்டும் தனியாக ஏறினால் இன்சுலேஷனுக்குள் பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்கிற சின்னச் சின்ன மின்கசிவு இருக்கலாம். மீத்தேனும் ஈத்தேனும் மிதமான சூட்டைச் சொல்லும். எத்திலீன் நிறைய வந்தால் நல்ல கொதிசூடு. அசெட்டிலீன் வந்தால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அது கணிசமாக உருவாக 700 டிகிரிக்கு மேல் வேண்டும், பெரும்பாலும் உள்ளே வில்பொறி (ஆர்க்) அடித்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் கார்பன் டைஆக்சைடும் ஏறினால் எண்ணெயோடு காகிதமும் வேகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் பிபிஎம் கணக்கு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு.

கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த மிஷல் டுவால் 1970-களில் ஒரு முக்கோணம் போட்டுக் கொடுத்தார். மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் மூன்றையும் கூட்டி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அந்த முக்கோணத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது விழுகிற கட்டம் பழுதின் வகையைச் சொல்லும். உதாரணத்துக்கு மீத்தேன் 60, எத்திலீன் 132, அசெட்டிலீன் 8 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200, சதவீதம் 30, 66, 4. புள்ளி போய் விழுவது 700 டிகிரிக்கு மேற்பட்ட சூடு என்கிற கட்டத்தில். எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்து கொதிக்கிறது, அல்லது இரும்பு உள்ளகத்தில் போகக்கூடாத வழியில் மின்சாரம் சுற்றுகிறது என்று தேட ஆரம்பிக்கலாம். பேப்பரும் ஸ்கேலும் போதும் இதற்கு, செயற்கை நுண்ணறிவெல்லாம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அந்த முக்கோணம் எதைக் கொடுத்தாலும் பதில் சொல்லும். ஆரோக்கியமான டிரான்ஸ்ஃபார்மரின் எண்களைப் போட்டாலும் ஏதோ ஒரு கட்டத்தில் புள்ளி விழத்தான் செய்யும். அதனால் வாயுவின் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது அல்லது வேகமாக ஏறுகிறது என்று முதலில் உறுதியான பிறகே அதைத் தொட வேண்டும். அளவைவிட ஏறும் வேகம் முக்கியம். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிற 80-ஐவிட, மூன்று மாதத்தில் 5-லிருந்து 30-க்கு வந்ததுதான் என்னைப் பயமுறுத்தும்.

இன்னொன்று, எண்ணெய் எடுக்கிற கை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் திடீரென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் அசெட்டிலீன் வந்துவிட்டது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டம் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் வில்பொறி மெயின் டாங்க்கில் இல்லை, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கச் சுற்றுகளை மாற்றுகிற டாப் சேஞ்சர் அறையில். அந்த அறையில் தொடுப்புகள் மாறும்போது பொறி அடிப்பது சகஜம், அசெட்டிலீன் இருப்பதும் சகஜம். இரண்டுக்கும் நடுவே இருந்த சீல் கசிந்து அந்த எண்ணெய் இந்தப் பக்கம் வந்திருந்தது. எந்த மென்பொருளும் அதைச் சொல்லவில்லை, வயதான ஒரு ஃபிட்டர் சொன்னார். அதேபோல், வால்வைத் திறந்ததும் முதலில் வருகிற தேங்கின எண்ணெயைக் கீழே விடாமல் அப்படியே சிரிஞ்சில் பிடிப்பது, சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருக்க மூடிவிடுவது, வெயிலில் வைத்துவிட்டுப் போவது என்று எத்தனையோ வழியில் அந்த எண் கெட்டுப்போகும். ஹைட்ரஜன் இருக்கிறதே, கொஞ்சம் சந்து கிடைத்தால் ஓடிவிடும். உங்கள் பிரிவில் மாதிரி எடுப்பவர் யார் என்று பாருங்கள், வருடம் முழுக்க ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

அதுதான் புக்கோல்ஸ் ரிலே இருக்கிறதே, அது போதாதா? – ஓய்வுபெற்ற ஃபோர்மேன்

டிரான்ஸ்ஃபார்மருக்குள் வாயு சேர்ந்தால் எச்சரிக்கிற அந்தக் கருவி 1921-லிருந்து காப்பாற்றிக்கொண்டு வருகிறது, குறை சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் எண்ணெயில் கரைந்தது போக மிச்சம் குமிழியாக மேலே வந்து தேங்கினால்தான் அது மணி அடிக்கும். கரைந்து கிடக்கிறதே, அந்த மாதக்கணக்கான காலத்தைத்தான் எண்ணெய்ச் சோதனை பிடிக்கிறது. ரிலே தீயணைப்பு வண்டி மாதிரி, இது புகை வாசனை மாதிரி. இரண்டும் இருக்கட்டும்.

எந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகும் என்று கணிக்க நான் செய்த கம்ப்யூட்டர் மாடல் 99.5 சதவீதம் சரியாகச் சொல்கிறது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. – தரவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்

தம்பி, கோபப்படாதீர்கள், அவர் சிரித்ததில் விஷயம் இருக்கிறது.

உங்களிடம் ஆயிரம் டிரான்ஸ்ஃபார்மர், வருடத்துக்கு ஐந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். "எதுவும் போகாது" என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டால் எனக்கும் 99.5 சதவீதம்தான் கிடைக்கும். அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை, ஆனாலும் மதிப்பெண் முழுசாக வந்துவிட்டது. பழுது என்பது அரிதான சம்பவம், அரிதான சம்பவத்துக்கு மொத்தத் துல்லியம் என்கிற அளவே உதவாது.

சரி, நிஜமாகவே நல்ல மாடல் என்று வைத்து இன்னொரு கணக்கு. பத்தாயிரம் கருவி, அதில் நூறு இந்த வருடம் போகப்போகிறது. நூறில் 80-ஐப் பிடித்துவிடுகிறது, பிரமாதம். நன்றாக இருக்கிற 9,900-ல் வெறும் 5 சதவீதத்தைத் தப்பாகச் சந்தேகப்படுகிறது, அதுவும் மோசமில்லை. ஆனால் 9,900-ல் 5 சதவீதம் என்றால் 495. ஆக உங்கள் பட்டியலில் 575 பெயர், அதில் உண்மையானது 80. ஏழு இடத்துக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு இடத்தில்தான் பழுது இருக்கும். இது மோசமான மாடல் என்று நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போனால் நூறில் ஒன்று, இப்போது ஏழில் ஒன்று, பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஏணி தூக்குகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஆறாவது வெட்டி நடைக்குப் பிறகு அவர் உங்கள் பட்டியலைப் பார்க்கவே மாட்டார். நீங்கள் மேலாளரிடம் சதவீதத்தைக் காட்டியதற்குப் பதிலாக, "பட்டியலில் மேலே உள்ள 50-க்குப் போனால் இத்தனை பழுதைப் பிடிக்கலாம்" என்று போன வருடத் தரவை வைத்துக் காட்டியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

அப்புறம், உங்கள் மாடலைத் திறந்து எது அதிக எடை வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். "எண்ணெய் மாதிரி எடுத்த எண்ணிக்கை" மேலே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகம் வந்த டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் அடிக்கடி எண்ணெய் எடுப்பார்கள். அதாவது எந்த இன்ஜினியர் எதைச் சந்தேகப்பட்டாரோ அதைத்தான் உங்கள் மாடல் திருப்பிச் சொல்கிறது. பரீட்சைத் தாளில் விடையைப் பார்த்து எழுதிய கதை.

வயசான கருவியை முதலில் மாற்றினால் போதுமே, இதற்கு எதற்குத் தரவு, மாடல்? – மின்சாரத் துறைச் செய்தியாளர்

வயது முக்கியம்தான், அது மட்டும் போதாது. ஸ்டான்லி நோலன், ஹோவர்ட் ஹீப் என்று இருவர் அமெரிக்காவில் விமானப் பாகங்களை ஆராய்ந்து 1978-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் வரைகிற குளியல்தொட்டி வளைவு, அதாவது ஆரம்பத்தில் கொஞ்சம் பழுது, நடுவில் அமைதி, வயதானதும் மறுபடி பழுது, அது 4 சதவீதப் பாகங்களுக்குத்தான் பொருந்தியது. 68 சதவீதம் புதுசாக மாட்டினவுடன் தகராறு செய்துவிட்டுப் பிறகு வயதைப் பற்றிக் கவலையே படாமல் ஓடியவை. விமானக் கணக்கை அப்படியே மின்சாரத்துக்குக் கொண்டுவர முடியாது, காகிதம் தேய்வது தேய்வதுதான். ஆனாலும் நன்றாக ஓடுகிற கிழடைக் கழற்றிப் புதுசு மாட்டினால், மாட்டின கையோடு பழுதாகும் ஆபத்தையும் சேர்த்து மாட்டுகிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

தரவுக்காரர்கள் இதில் தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு. 40 வருடத்தில் முன்னெச்சரிக்கையாகக் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வருடம் ஓடியிருக்கும்? தெரியாது. குறைந்தது 40 என்று மட்டும் தெரியும். அதைப் "பழுதாகவில்லை" என்று பதிந்தாலும் தப்பு, "40-ல் பழுது" என்று பதிந்தாலும் தப்பு, பட்டியலிலிருந்து தூக்கினாலும் தப்பு. மருத்துவ ஆய்வில் நோயாளிகளின் உயிர்வாழ்நாளைக் கணக்கிட வைத்திருக்கும் முறைகள் இந்தச் சிக்கலுக்காகவே பிறந்தவை, அதை எடுத்து இங்கே போடுகிறார்கள். உங்களுக்கு இது செய்தியாக வராது, ஆனால் யாராவது "எங்கள் கருவிகளின் சராசரி ஆயுள் இவ்வளவு" என்று அறிக்கை கொடுத்தால், கழற்றியவற்றை என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வருகிறதா பார்ப்போம்.

வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். பில் போடுவதைத் தவிர அதனால் ஏதாவது உபயோகம் உண்டா? – இல்லத்தரசி

உண்டு அம்மா, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உண்டு. அந்த மீட்டர் நீங்கள் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதோடு வோல்டேஜையும் குறித்துக்கொண்டே இருக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தப் பக்கச் சுருளில் சில சுற்றுகள் இன்சுலேஷன் கெட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சுற்றுகளின் விகிதம் மாறிவிடும், வெளியே வருகிற வோல்டேஜ் லேசாக ஏறும். 235 இருந்தது 241 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, விளக்கு ஒரு துளி பளிச்சென்று எரியலாம். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் தொங்குகிற அத்தனை வீட்டு மீட்டரும் ஒரே நாளில் சேர்ந்து ஏறியிருந்தால், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் வீடுகளில் ஏறவில்லை என்றால், சந்தேகம் உங்கள் வீட்டு மேல் வராது, டிரான்ஸ்ஃபார்மர் மேல்தான் வரும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் லோடு போடும்போதெல்லாம் வோல்டேஜ் விழுந்தால் அந்த வீட்டுக்கு வருகிற இணைப்பு தளர்ந்திருக்கிறது. சில வீடுகளில் ஏறி, சில வீடுகளில் இறங்கினால் நியூட்ரல் வயரைப் பார்க்க வேண்டும், அது டிவியையும் ஃப்ரிட்ஜையும் பலிவாங்கிவிட்டுத்தான் ஓயும். எல்லாம் ஏற்கெனவே வந்து குவிகிற தரவு, தனியாக ஒரு சென்சார் வாங்க வேண்டியதில்லை. எந்த மீட்டர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் சரியாக இருப்பதுதான் அபூர்வம்.

சர்க்யூட் பிரேக்கர் மாதக்கணக்கில் சும்மாவே நிற்கிறது. சும்மா நிற்பதிலிருந்து என்ன தரவு கிடைக்கும்? – டிப்ளமா மாணவர்

நல்ல கேள்வி. பிரேக்கரின் வேலையே பழுது வருகிற ஒரு நாள் சில பத்து மில்லிசெகண்டுக்குள் திறந்து மின்சாரத்தை அறுப்பது, மற்ற நாளெல்லாம் நிற்பது. நிற்க நிற்க உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகும்.

பிரேக்கரைத் திறக்கவைக்கிற சின்ன மின்காந்தச் சுருளான டிரிப் காயிலில் ஓடுகிற மின்னோட்டத்தை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். முதலில் ஏறும், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும், மறுபடி ஏறி நிற்கும், கடைசியில் அறுந்து பூஜ்ஜியத்துக்கு வரும். அந்தப் பள்ளம், உள்ளே இருக்கும் இரும்புத்தண்டு நகர்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் தட்டுகிற இடம். பள்ளம் தள்ளிப்போய் விழுந்தால் தண்டு தயங்குகிறது, பள்ளத்துக்குப் பிறகு கோடு அறுபடத் தாமதமானால் அதற்கடுத்த இயந்திரம் தயங்குகிறது. ஒரே கோட்டில் இத்தனை செய்தி.

இதில் ஒரு சூட்சுமம். சோதிக்க வருகிறவர்கள் வந்ததும் "சரியாக வேலை செய்கிறதா" என்று இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு அப்புறம் கருவியை மாட்டுவார்கள். அதோடு சாட்சி அழிந்தது. இறுகின கிரீஸ் முதல் தடவையே இளகிவிடும், இரண்டாவது தடவை கோடு அழகாக வரும். நிஜத்தில் பழுது வருகிற அன்று பிரேக்கருக்கு ஒத்திகை கிடையாது, அதனால் நீண்ட நாள் நின்ற பிறகு வருகிற முதல் டிரிப்தான் பதிய வேண்டியது.

தெர்மல் கேமராவில் ஒரு ஜாயின்ட் பக்கத்து ஃபேஸைவிட 10 டிகிரிதான் கூடக் காட்டுகிறது. விட்டுவிடலாமா? – லைன் இன்ஸ்பெக்டர்

அன்றைக்கு லோடு எவ்வளவு என்று சொல்லவில்லையே. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏறக்குறைய ஏறும். பாதி லோடில் 10 டிகிரி என்றால் முழு லோடில் 40 பக்கம் போகலாம், காற்று குளிர்விப்பதால் நடப்பில் கொஞ்சம் குறையும். படத்தோடு ஆம்பியரையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படம் வெறும் கலர் படம்.

எங்கள் சப்ஸ்டேஷனில் சென்சார் எல்லாம் மாட்டியாகிவிட்டது. திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு என்ன மென்பொருள் வாங்கலாம்? – ஷிஃப்ட் ஆப்பரேட்டர்

எந்த மென்பொருளும் வேண்டாம். எனக்கு வந்த கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது.

2025 மார்ச் 20 இரவு லண்டனில் நார்த் ஹைட் சப்ஸ்டேஷனில் ஒரு 275 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்நாட்டு மின்கட்டமைப்பு இயக்குநர் அமைப்பு விசாரித்து ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. உயர் அழுத்த புஷிங் ஒன்றில் (டிரான்ஸ்ஃபார்மரின் உடலைத் தொடாமல் மின்கம்பியை உள்ளே கொண்டுபோகிற இன்சுலேட்டர்) ஈரம் புகுந்து ஷார்ட் ஆனதுதான் பெரும்பாலும் காரணம் என்று அதில் இருந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: அந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு புஷிங்கில் எடுத்த எண்ணெய் மாதிரியில் ஈரம் அதிகம் என்பது 2018 ஜூலையிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த அளவு ஈரம் வந்தால் புஷிங்கை மாற்ற வேண்டும் என்று அந்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருந்த நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் நடவடிக்கை நடக்கவில்லை. கிட்டத்தட்ட ஏழு வருடம் அந்த எண் எங்கோ ஒரு கோப்பில் உட்கார்ந்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் முன்கணிப்பு என்கிற பகுதி அங்கே தோற்கவே இல்லை. மாதிரி எடுத்திருக்கிறார்கள், சோதித்திருக்கிறார்கள், எண் சரியாகவே கத்தியிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் பெயரும் ஒரு தேதியும் இல்லாமல் போய்விட்டது.

அதனால் உங்கள் திரையில் வருகிற எச்சரிக்கைகளை ஒரு மாதத்துக்கு எண்ணுங்கள். எத்தனை வந்தது, அதில் எத்தனைக்கு யாராவது எழுந்து போய்ப் பார்த்தார்கள், போய்ப் பார்த்ததில் எத்தனை உண்மை. ஒரு தடவைகூட யாரும் எழுந்து போகாத எச்சரிக்கை வகைகளின் வரம்பை மாற்றச் சொல்லுங்கள், அல்லது திரையிலிருந்து எடுத்து வாராந்திரப் பட்டியலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் யார் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்குள், பார்க்காவிட்டால் யாருக்குப் போகும் என்று எழுதி வாங்குங்கள். மேலதிகாரி முகம் சுளிப்பார். வாங்குங்கள்.

எங்கள் அலுவலகத்தில் 30 வருட பழுதுப் பதிவேடுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. எல்லாம் கையெழுத்து, சுருக்கெழுத்து, ஆளுக்கொரு மாதிரி. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். – அலுவலக உதவியாளர்

போடவே போடாதீர்கள். நியூயார்க்கில் கான் எடிசன் என்ற மின்சார நிறுவனத்துக்காக, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ரூடின் முதலானோர் செய்த வேலையைச் சொல்கிறேன். மன்ஹாட்டன் தெருக்களுக்கு அடியில் மின்கேபிள் போகிற மேன்ஹோல்கள் சில சமயம் புகையும், தீப்பிடிக்கும், மூடி பறக்கும். அடுத்து எது என்று வரிசைப்படுத்த அவர்கள் கையில் இருந்தது பழைய கேபிள் கணக்கும், புகார் வந்தபோது அலுவலகத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாக அடித்து வைத்த பழுதுச் சீட்டுகளும்தான். சர்வீஸ் பாக்ஸ் (மேன்ஹோலைவிடச் சின்னதான கேபிள் குழி) என்ற ஒரே சொல்லை மட்டும் குறைந்தது 38 விதமாக எழுதியிருந்தார்கள், எஸ்.பி., எஸ்/பி, நடுவில் கேள்விக்குறி போட்டது, எக்ஸ் சேர்த்தது என்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள். கடைசியில் அவர்கள் வரிசையின் மேல் பத்து சதவீத மேன்ஹோல்களுக்குள், பிறகு பெரிய விபத்து நடந்தவற்றில் 44 சதவீதம் அடங்கியிருந்தது. அதிகம் உதவியவை எவை தெரியுமா? கேபிளின் வயதும், அங்கே முன்பு தகராறு வந்ததா என்பதும். அந்த இரண்டாவது விஷயம் எந்த சென்சாரிலும் கிடைக்காது, உங்கள் மூட்டை மாதிரி ஒன்றில்தான் கிடைக்கும்.

முதலில் ஈரம் படாத அறைக்கு மாற்றுங்கள், கரையான் பாருங்கள். அப்புறம் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்குங்கள், தட்டச்சு மெதுவாக நடக்கட்டும். அந்தச் சுருக்கெழுத்தை எழுதினவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர் யாராவது இருந்தால், அவர் ஓய்வுபெறுவதற்குள் ஒரு மதியம் பக்கத்தில் உட்காரவைத்து எது எதற்கு என்று கேட்டு ஒரு அகராதி மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். "போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று இருக்கிற பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள், அதையும் சேர்த்தே படம் எடுங்கள்.